குடைக்காரனின் வலது கால் ஷூ

ஞாயிறு காலை, இரண்டாவது பூசை. நற்கருணை முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே ஃபேன் சுற்றும் சத்தம், யாரோ ஒரு குழந்தை பெஞ்சைக் காலால் தட்டும் சத்தம், அவ்வளவுதான். பங்குச் சாமியார் ஒரு தாளை மைக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். என் பெயர் வந்தது. அப்பா, அம்மா பெயர் வந்தது. அப்புறம் ஆம்பூர்ப் பங்கைச் சேர்ந்த எட்வின் என்ற பெயர் வந்தது.

“இது முதலாம் ஓலை. இந்தத் திருமணத்திற்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

படித்துவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் அவர் சும்மா நிற்பார். அது வழக்கம். அந்த இடைவெளியில் முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முழங்கையால் இடித்து, “கொஞ்சம் சிரியேன்டி” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவள் மணப்பெண்ணாகவே இருந்தால், அதை எந்த வாயால் போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை படிக்க வேண்டும். பெண்ணின் கோயிலிலும் படிப்பார்கள், மாப்பிள்ளையின் கோயிலிலும் படிப்பார்கள். ஊரறியக் கேட்கிறோம், மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். மூன்றாவதும் படித்தாகிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் நின்றுபோனால் பெண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆக, எனக்கு மிச்சம் இருந்தது இன்னும் இரண்டு ஓலை.

ஜோடி பார்க்கிற வேலை

இந்தப் பத்திரிகைத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் குணம் இதற்குள் தெரிந்திருக்கும். தண்ணீர் கலந்த பால்காரரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, அவருடைய மகன் பத்திரிகை ஆபீசுக்கு ஃபோன் பண்ணினாராம். சண்டைக்கு வருகிறாரோ என்று பயந்தால், “அந்தக்கா சந்தேகப்பட்டது கரெக்ட்டுதான் சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். சந்தேகத்தை ஒரு கெட்ட குணமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குச் சோறு போட்டதே அதுதான்.

அப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை. ஷூவை இரண்டிரண்டாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சாயமா, ஒரே சுருக்கமா, தையல் ஒரே மாதிரி ஓடியிருக்கிறதா, பசை எங்கேயாவது வழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜோடி பார்ப்பது என்போம். ஒரே மாட்டின் தோல்தான், ஆனால் முதுகுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். ஒரு காலுக்கு முதுகும் மறு காலுக்கு வயிறும் வந்துவிட்டால் போட்டுக்கொள்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு தடவை ஒரே டப்பாவில் இரண்டுமே வலது காலாகப் போய், கப்பலேறி, வெளிநாட்டுக் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் பேஜார் பண்ணிவிட்டார். அது என் மேஜையிலிருந்து போனது இல்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் ஒரு தவளை

எட்வின் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது ஒரு கோடை மாலை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. கூட அவருடைய அம்மா மட்டும் வந்திருந்தார். அப்பா எங்கே என்று என் அப்பா கேட்டார்.

“அவரு பெங்களூருல எங்கண்ணன் வீட்டுல இருக்காருங்க. அவரு உடம்புக்கு அந்த க்ளைமேட்டுதான் ஒத்துக்குது” என்றார் அந்த அம்மா. கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பதில் வந்த மாதிரி எனக்குப் பட்டது. என் அப்பா தலையாட்டிவிட்டார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் அவர்.

எங்கள் இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். சிமென்ட் தரை இன்னும் சூடு ஆறவில்லை. எதிரே கோட்டை மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “உங்களுக்குப் பிடிச்சது இன்னா?” என்று நான்தான் ஆரம்பித்தேன். பாட்டு, படம், கிரிக்கெட் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

“கம்ப்யூட்டர்ல ஒரு கேம் இருக்குங்க. அதுல ஒரு குடைக்காரன். சும்மா நின்னுனு இருப்பான். திடீர்னு உக்காந்து வலது கால் ஷூவைக் கழட்டி உதறுவான். மணல் கொட்டும். ஒரு சீப்பு விழும். ஒரு தவளை குதிச்சு ஓடும். அப்புறம் அதுக்குள்ள இருந்து இன்னொரு ஷூ விழும். அதே சைஸு! அதுவும் வலது கால் ஷூ!”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கடைசியா ரெண்டையும் கையில வெச்சுனு நம்மளைத் திரும்பிப் பார்ப்பான் பாருங்க, ஒரு பார்வை...” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. கட்டிக்கப்போகிற பெண்ணிடம் தனியாகப் பேசக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் ஒருத்தர் தவளைக் கதை சொல்கிறார் என்றால், சொல்ல வேண்டிய வேறு எதையோ சொல்லாமல் இருக்கத்தான் சொல்கிறார். ஆனால் ஒன்று. வேறு யாராக இருந்தாலும் ஷூ விழுந்தது என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள். எந்தக் கால் ஷூ என்று இவர் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதும் சந்தேகமாகத்தான் இருந்தது.

சாத்திய கதவு

அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க ஆம்பூர் போனோம். மக்கன் பேடா, மிக்சர், காபி. வீடு பளிச்சென்று இருந்தது. கூடத்தை ஒட்டிய ஓர் அறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பாட்டு கேட்டது. பாட்டென்றால் வார்த்தை இல்லை, வெறும் வாத்தியம்தான். நொண்டி நொண்டி மேலே ஏறி, வழுக்கி விழுந்து, கடைசியில் ஒரு பீப்பி ஊதி முடியும். மறுபடி முதலிலிருந்து.

நான் கதவைப் பார்ப்பதை எட்வினின் அம்மா பார்த்துவிட்டார். “கம்ப்யூட்டர் ரூமும்மா. ஆஃப் பண்ண மறந்துட்டான். நீ பேடா எடுத்துக்கோ” என்று குரலை உயர்த்திப் பேசினார். எட்வின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் தம்பி பிரான்சிஸ் கையில் ஒரு சிடியைக் கொடுத்து, “அந்த கேமு. உங்கக்காவுக்கு” என்றார். அட்டை கிடையாது. மேலே மார்க்கரில் ‘குடை’ என்று எழுதியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். “வீடு பூரா டெட்டால் வாசனை வந்துச்சு பாத்தியா? சுத்தமான குடும்பம்” என்றாள். கம்ப்யூட்டர் அறைக்கு எதற்கு டெட்டால் என்று நான் கேட்டேன். எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்லாதே என்று வாயை அடைத்துவிட்டாள்.

மழை திருடுபோன ஊர்

பிரான்சிஸ் அப்போது காலேஜில் கடைசி வருஷம். பரீட்சை முடிந்து, முதலாம் ஓலை படித்த அன்று சாயங்காலம்தான் அந்த சிடியைப் போட்டான். அம்மா வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆள் இல்லாத ரூமில் ஃபேன் ஓடக் கூடாது, கை வைக்காத கம்ப்யூட்டர் ஓடக் கூடாது. மவுசை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் சுவிட்சை அணைத்திருப்பாள்.

திரையில் வெளிச்சம் வந்தது. வாத்தியம் ஆரம்பித்தது. அதே நொண்டிப் பாட்டு, முடிவில் அதே பீப்பி. அன்றைக்கு ஆம்பூரில் எட்வின் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அப்படியென்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது யார்?

இந்தக் கேள்வி மண்டையை அரித்துக்கொண்டிருக்கும்போதே நான் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா? விளையாட்டு அப்படி. மழையே பெய்யாத ஓர் ஊரில் ஒருத்தன் குடைக்கடை வைத்திருக்கிறான். முதல் காட்சியிலேயே ஓர் ஆள் வந்து வாங்கின குடையைத் திருப்பிக் கொடுக்கிறான். “ஏன், குடையில் என்ன குறை?” “குடையில் குறையில்லை. மழையைக் காணோம்.” இங்கிலீஷில்தான் பேசினார்கள், பிரான்சிஸ் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். ஊர் மழையை யாரோ திருடிவிட்டார்கள், கண்டுபிடித்தால்தான் கடை ஓடும் என்று குடைக்காரன் கிளம்புகிறான். “நம்ம வேலூரு கதைதான்க்கா” என்றான் பிரான்சிஸ். மணலாய்க் கிடக்கிற பாலாற்றின் பாலத்தைத் தாண்டித் தினம் வேலைக்குப் போகிற எனக்கு அது புதுசாகப் படவில்லை.

போகிற இடமெல்லாம் கையில் கிடைத்ததை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வான். ஏணியைப் போட்டான், போனது. ஆட்டை மடக்கிப் போட்டான், அதுவும் போனது. உள்ளேயிருந்து ஆடு கத்துகிற சத்தம் கடைசி வரைக்கும் கேட்கும். அப்புறம் ஒரே ஒரு ஊசியை எடுக்கச் சொன்னால், “இதை எங்கே வைப்பது? இடமே இல்லையே” என்று கையை விரிப்பான். பிரான்சிஸ் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஊர் நடுவே ஒரு சிலை. யாரிடம் வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்கலாம் என்பதால் பிரான்சிஸ் அதனிடமும் பேசினான். பதில் இல்லை. மறுபடி பேசினான், பதில் இல்லை. விடாமல் பேசப் பேச, சிலை உதட்டை அசைக்காமல், “டூட்டி முடியட்டும், பேசலாம்” என்றது. எனக்கு எங்கள் கம்பெனி கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் ஞாபகம் வந்தது.

அரண்மனை வாசலில் ஒரு காவல்காரன். ராஜமுத்திரை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்பான். கடிதம் கொடுத்தோம், பதக்கம் கொடுத்தோம், தங்கக் கிண்ணம் கொடுத்தோம். எல்லாவற்றையும் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். வெறுத்துப்போய் ஒரு வாழைப்பழத் தோலை நீட்டினோம். அதன்மேல் பழக்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விறைப்பாக சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான். செக்கிங் வேலையில் இருக்கிற எனக்கு அந்தக் காவல்காரன்மேல் கோபமே வந்தது.

அம்மாவுக்குப் பிடித்தது வேறு. குடைக்காரன் மலை உச்சியிலிருந்து தவறி விழுவான். விழும் வழியில் ஒரு ஜன்னல், அதில் ஒரு கிழவி. “குடை என்ன விலை?” என்று அவளும் கூடவே எட்டிக் குதித்துவிடுவாள். இரண்டு பேரும் விழுந்துகொண்டே பேரம் பேசுவார்கள். அவள் கம்மியாகக் கேட்பாள், அவன் ஏற்றுவான். விலை படிவதற்குள் தரை வந்துவிடும். “இன்னும் கொஞ்சம் உசரமா இருந்தா படிஞ்சிருக்கும்” என்றாள் அம்மா. மார்க்கெட்டில் அவள் கீரைக்கட்டு வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அப்பா பின்னால் நின்றுகொண்டு திரையில் யார் எதைச் சொன்னாலும் நம்பினார். “பாவம், அந்தம்மா அழுவுது, கேட்டதைக் குடுத்துரு” என்பார். நான் விடவில்லை. யார் இனிக்க இனிக்கப் பேசுகிறார்களோ அவர்கள் வீட்டுப் பரணைப் பார் என்றேன். மழையைத் திருடி ஜாடியில் அடைத்து வைத்திருந்தது அந்த அழுத அம்மாள்தான். மேகம் வெளியே வந்து மழை கொட்டியதும் ஊரே சந்தோஷமாக நனைந்தது. ஒருத்தரும் குடை வாங்கவில்லை.

இல்லாத காட்சி

விளையாட்டு முடிந்துவிட்டது. ஷூ மட்டும் விழவில்லை.

“க்கா, மாமா சொன்ன சீனே இல்லியே” என்றான் பிரான்சிஸ். மறுபடி முதலிலிருந்து ஆடினோம். ஒவ்வோர் இடத்திலும் அவன் ஷூவின் மேலேயே மவுசை வைத்து அழுத்தினோம். “அது என் ஷூ, காலிலேயே இருக்கட்டும்” என்றான் குடைக்காரன். விடாமல் அழுத்தினால், “கூச்சமாக இருக்கிறது” என்றான். பிரான்சிஸின் தோஸ்த் ஒருவன் சிடியை வாங்கிப் போய் முழுசாக ஆடிவிட்டு வந்து, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கையை விரித்தான்.

வேற கேமா இருக்கும் பாப்பா என்றார் அப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மணல், சீப்பு, தவளை, வலது கால் என்று வரிசையாகச் சொன்னார். இல்லாததை ஒருத்தர் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் என்றால் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர். சாத்திய கதவு. பெங்களூர் அப்பா. உள்ளே விளையாடிய ஆள். அந்த அறையில் ஒரு பெண் இருக்கிறாள், அவளோடு ஏதோ ஒரு வாழ்க்கை இருக்கிறது, என்னை ஊருக்காகக் கட்டுகிறார் என்று என் மனசு கதை கட்டிவிட்டது.

வெளியே கோபமாகக் காட்டிக்கொண்டேன். உள்ளே பயம்தான். ஏனென்றால் அந்த விளையாட்டில் நான் சிரித்த இடத்திலெல்லாம் எட்வினும் சிரித்திருப்பார் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. வாழைப்பழத் தோலுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று மேஜையில் வேலை பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன். பிடிக்காதவராக இருந்தால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திவிடலாம். பிடித்துத் தொலைந்துவிட்டதே.

இரண்டாம் ஓலையும் படித்துவிட்டார்கள். சாமியார் மூச்சு விட்ட அந்த நேரத்தில் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணமும் கரண்டியும்

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, எங்களுக்கு அரை நாள் ஷிஃப்ட். மத்தியானம் பிரான்சிஸைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஆம்பூர் பஸ் ஏறினேன். கல்யாணப் பெண் இப்படிப் போகலாமா என்று கேட்கலாம். சொல்லிவிட்டு வருகிற இன்ஸ்பெக்‌ஷனை நான் என் வேலையிலேயே மதித்ததில்லை.

எட்வின்தான் கதவைத் திறந்தார். தோளில் ஒரு துண்டு, கையில் கஞ்சிக் கிண்ணம், அதில் ஒரு கரண்டி. உள்ளே நொண்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து அந்த அறைக்குக் குறுக்கே நின்றார். “உள்ள சுத்தமா இல்லம்மா, கூடத்துல உக்காரு” என்றார்.

“வழி விடுங்கத்தே” என்றேன்.

எட்வின் மெதுவாக அவருடைய தோளைத் தொட்டு, “விடும்மா, போதும்” என்றார்.

உள்ளே எந்தப் பெண்ணும் இல்லை. பிரம்பு நாற்காலியில் தலையணைகளை முட்டுக்கொடுத்து ஒரு பெரியவரை உட்கார வைத்திருந்தார்கள். இடது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எதிரே கம்ப்யூட்டர். திரையில் குடைக்காரன் சும்மா நின்றுகொண்டிருந்தான். மவுசின் மேல் யார் கையும் இல்லை.

“யாரு இது?”

“எங்கப்பா” என்றார் எட்வின்.

“பெங்களூருல இல்ல?”

“இல்லிங்க. எப்பவும் இங்கதான் இருக்காரு. ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சும் குழறும், எங்களுக்குத்தான் புரியும்.”

அவர் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். முன்னால் பெண் பார்த்த இடங்களில் எல்லாம் உண்மையைச் சொன்னார்களாம். வீட்டில் படுத்த ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் பேச்சையே நிறுத்திவிட்டார்களாம். “வர்ற பொண்ணு தலையில கட்டிடுவோம்னு நினைக்கிறாங்கம்மா. நீங்க வந்த அன்னிக்கு இவரு சத்தம் போடாம இருக்கணும்னுதான் கேமைப் போட்டு உள்ள உக்கார வெச்சோம்” என்றார்.

ஒரு மனுஷரைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு எனக்கு மக்கன் பேடா கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதோடு இன்னொரு சந்தேகமும் வந்தது. வந்ததைக் கேட்டுவிடுகிறவள் நான்.

“நர்ஸ் வீட்டுப் பொண்ணுன்னுதான் என்னைப் பார்த்தீங்களா? சம்பளமில்லாம பார்த்துக்குவேன்னு?”

அவர் அம்மா வேகமாகத் தலையாட்டி மறுத்தார். எட்வின் மறுக்கவில்லை. “அம்மா அப்படித்தான் நினைச்சாங்க. நான் நினைக்கல. ஆனா அவங்க நினைக்கிறது தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். மாடியில உங்ககிட்ட அப்பாவைப் பத்திச் சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. அதுக்குப் பக்கத்துல இருந்ததைச் சொல்லிட்டேன்” என்றார்.

“யாரு பார்த்துக்கறாங்க இவரை?”

“பகல்ல அம்மா. மத்த நேரம் நான்.”

சொல்வது சுலபம். நான் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்தால் முதலில் குதிகாலைப் பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். புண் இல்லை, எண்ணெய் தடவிய மினுமினுப்பு இருந்தது. விழுந்துபோன கையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். இடுக்கில் அழுக்கில்லை, நகம் வெட்டியிருந்தது. அப்புறம் முகம். வலது கன்னத்தையும் இடது கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். உணர்ச்சி உள்ள பக்கத்தை யாராக இருந்தாலும் ஒழுங்காகச் சவரம் பண்ணுவார்கள், அவர்தான் முகம் சுளிப்பாரே. தொங்கிப்போன இடது பக்கத்தில், தாடை மடிப்புக்குள்ளே கூட ஒரு முடி மிச்சமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. என் மேஜையில் எதையும் இவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

அப்போது பெரியவரின் வலது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. “ம்ம்... ம்ம்...” என்று திரையைக் காட்டினார்.

பாட்டு நின்றிருந்தது. நாங்கள் சண்டை போட்ட நேரமெல்லாம் யாரும் தொடாமல் நின்றுகொண்டிருந்த குடைக்காரன், ஒரு பெருமூச்சு விட்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்தான். வலது கால் ஷூவைக் கழற்றினான். உதறினான். மணல் கொட்டியது. சீப்பு விழுந்தது. தவளை குதித்து ஓடியது. அப்புறம் இன்னொரு ஷூ விழுந்தது. குனிந்து பார்த்தேன். வலது கால்தான்.

குடைக்காரன் இரண்டு ஷூவையும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தான். பெரியவர் பாதி வாயால் ஹோவென்று சிரித்தார். திறந்த வாயில் எட்வின் சட்டென்று ஒரு கரண்டி கஞ்சியை ஊட்டினார்.

“விழுந்ததுலருந்து சிரிக்கவே இல்லிங்க. சாப்பாட்டுக்கு வாயே திறக்க மாட்டாரு. ஒரு நாளு கேமை அப்படியே விட்டுட்டு ஊட்டினு இருந்தேன். இது வந்துச்சு. ரொம்ப நேரம் மவுசைத் தொடாம விட்டாத்தான் வரும். ஷூ கம்பெனியிலேயே வேலை செஞ்ச மனுஷன், ரெண்டும் வலதுன்னு முதல்ல கண்டுபிடிச்சதே அவருதான்” என்றார் எட்வின்.

“நம்ம வீட்டுலதான் அம்மா சுவிட்ச அணைச்சிடுவாங்களே” என்று பிரான்சிஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

நான் எழுந்தேன். “நாளைக்கு மூணாவது ஓலை. இவரு எங்க கோயிலுக்கு வரணும். எல்லாரும் பார்க்கணும். வரலேன்னா, சாமியார் கேக்கும்போது நானே எழுந்து நிப்பேன். இன்னொண்ணு, நான் வேலையை விட மாட்டேன்.”

“எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கம்மா” என்றார் அவர் அம்மா.

“பார்க்கட்டும் அத்தே.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்தது, “எந்தப் பக்கம்?” அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. “ஒரு நர்ஸுகிட்டயே பேஷன்டை மறைச்சிட்டாங்களா! அந்த டெட்டாலை நான் சுத்தம்னு நினைச்சேனே” என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஓலை

மறுநாள் பூசை ஆரம்பித்தபோது அவர்கள் வரவில்லை. பிரசங்கம் முடிந்தது, வரவில்லை. காணிக்கைப் பை சுற்றிவந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வர மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டேன், நின்று என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் யோசித்திருக்கவில்லை.

நற்கருணைப் பாட்டின்போது பக்கவாசலில் சலசலப்பு. எட்வினும் கார் டிரைவரும் நாற்காலியோடு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை, புதுக் கறுப்பு ஷூ. பின்னால் எட்வினின் அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்குப் பக்கத்தில், தூண் ஓரமாக இறக்கினார்கள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சாமியார் தாளை எடுத்தார். “இது மூன்றாம் ஓலை...” என்று படித்து, கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, வழக்கம்போல மூச்சு விட நின்றார்.

பெரியவர் வலது காலை நாற்காலிக் காலில் தேய்த்து ஷூவைக் கழற்றினார். குனிந்து வலது கையால் எடுத்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. அந்த அமைதியில் என் சிரிப்பு பீடம் வரைக்கும் கேட்டிருக்கும். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள், இந்தத் தடவை அவர்கள் சிரிக்கவில்லை.

சாமியார் தாளைக் கீழே இறக்கிக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதுசில்லை, மேஜையில் உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிற பார்வைதான். “என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?”

எழுந்து நின்றேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். தூண் பக்கத்தில் எட்வின் அப்பாவின் ஷூவைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

“இல்ல ஃபாதர். எல்லாம் பார்த்துட்டேன். சரியா இருக்கு.”

உட்கார்ந்தேன். சாமியார் இறுதி ஆசீர் கொடுக்கக் கையை உயர்த்தினார். தூண் ஓரத்தில் எட்வின் தரையில் மண்டியிட்டு அவருடைய அப்பாவுக்கு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். வலது காலில்தான் மாட்டுகிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.